பதினைந்தாம் தேதி வரை கடைக்குச் சீல் வைக்க வேண்டாம்

அனுப்புநர்
கோ. செல்லதுரை (வயது 63),
மேல வாய்க்கால் தெரு,
பாபநாசம், தஞ்சாவூர் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட நியமன அலுவலர் அவர்கள்,
உணவுப் பாதுகாப்புத் துறை,
தஞ்சாவூர்.

பொருள்: தஞ்சாவூர் ‘கொக்கரக்கோ கொரியா’ பொரித்த கோழி உணவகத்தில் 08.09.2024 அன்று வேகாத கோழி வழங்கியது, ஒன்றே முக்கால் மணி நேரம் காக்க வைத்தது, அதனால் என் மகளின் சம்பந்தப் பேச்சு பாதியில் நிற்பது – நடவடிக்கை கோருதல் – நடவடிக்கையை ஒரு வாரம் தள்ளி வைக்கவும் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. மேற்படி கடையின் ரசீது, நாள் 08.09.2024.
2. என் மனைவி மேற்படி கடைக்கு இணையத்தில் வழங்கிய ஒரு நட்சத்திரம், அதே நாள், பிற்பகல் 3.10 மணி.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. நான் பாபநாசத்தில் குத்தகை நிலத்தில் பயிர் செய்பவன். இந்த வருடம் போர்வெல் தண்ணீரை நம்பிக் குறுவை போட்டிருக்கிறேன். இதுவரை யார் மீதும் புகார் மனு கொடுத்ததில்லை. வாய்க்கால் தூர்வாரச் சொல்லி நான் கொடுத்துள்ள ஏழு மனுக்களும் கோரிக்கை மனுக்களே. எனவே இந்த மனுவின் நடையில் குறை இருந்தால், பழக்கமில்லாதவன் என்று பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

2. என் மகள் வானதி, வயது 31, கால்நடை மருத்துவர். அவளை இதற்கு முன் நான்கு முறை பெண் பார்க்க வந்தார்கள். நான்கு முறையும் பட்டுப் புடவை கட்டி, காபித் தட்டோடு வந்து நின்றாள். வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டு, ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். ஒரு வீட்டார் மட்டும் காபி நன்றாக இருந்ததாகச் சொல்லி அனுப்பினார்கள். அந்தக் காபியைப் போட்டது நான்.

ஐந்தாவதாக வலங்கைமானிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தபோது என் மகள் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள். “இனிமே தட்டோட வந்து நிக்க மாட்டேன்ப்பா. அவங்களோட ஒண்ணா உட்கார்ந்து சாப்பிடுறேன். பிடிச்சா பிடிக்கட்டும்.” இடத்தையும் அவளே சொன்னாள். அதுதான் மேற்படி கடை. அவளுடைய மருத்துவமனைத் தோழிகள் பிறந்தநாளுக்கு அங்கேதான் போவார்களாம். பெண் பார்க்கும் இடத்தில் கோழியா என்று நானும் என் மனைவி மலர்க்கொடியும் இரண்டு நாள் வாதாடினோம். மூன்றாம் நாள் கடையின் கைப்பேசி எண்ணைக் குறித்துக்கொண்டேன்.

3. மாப்பிள்ளையாக வரவேண்டியவர் பெயர் பரிதி. பொறியியல் படித்தவர். வலங்கைமானில் இரண்டு அறுவடை இயந்திரங்கள் வைத்து வாடகைக்கு விடுகிறார். சிறுவயதில் தாய் தந்தையை இழந்த அவரை வளர்த்தவர் அத்தை பூவம்மாள். அந்த வீட்டில் அந்த அம்மையார் சொல்வதுதான் முடிவு. ஜாதகம், புகைப்படம், விசாரிப்பு எல்லாம் முன்பே திருப்தியாக முடிந்திருந்தன.

எங்கள் பக்கத்து வழக்கத்தைத் தாங்கள் அறிந்திருப்பீர்கள். மனம் ஒத்தால்தான் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டார் கையால் சாப்பிடுவார்கள். சாப்பிட்டுவிட்டால் பேச்சு முடிந்தது, நாள் குறிப்பதுதான் பாக்கி. முதலில் இனிப்பு. பெண்ணைப் பெற்றவன் பரிமாற வேண்டும். இடம் கடையாக இருந்தாலும் முறை முறைதானே என்று பூவம்மாள் அம்மையார் தொலைபேசியில் கேட்டார். எங்கள் வீட்டில் செய்த தேங்காய் பர்பியிலிருந்துதான் ஆரம்பம் என்று நான் வாக்குக் கொடுத்தேன். இந்த வாக்குதான் பின்னால் என் கழுத்தைப் பிடித்தது.

4. கல்யாண மண்டபத்தைப் பார்ப்பதுபோல நான் முந்தின புதன்கிழமையே தனியாகப் போய் அங்கே சாப்பிட்டுப் பார்த்தேன். அன்று கோழி நன்றாக வெந்து, மொறுமொறுவென்று இருந்தது. ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அன்றும் ஒரு சிறு கிண்ணத்தில் வெள்ளைவெள்ளையாகச் சதுரத் துண்டுகள் வைத்தார்கள். அழகுக்கு வைத்திருக்கிறார்கள் என்று எண்ணி நான் தொடவில்லை. தொட்டிருந்தால் இந்த மனுவில் பாதி தேவைப்பட்டிருக்காது.

5. 08.09.2024 ஞாயிறு, வளர்பிறை. பன்னிரண்டு மணிக்கு எமகண்டம் தொடங்குவதால் அதற்கு முன் முதல் வாய் வைத்துவிட வேண்டும் என்று, கடை திறக்கும் பதினோரு மணிக்கே இரு வீட்டாரும் ஒன்பது பேராகப் போய்ச் சேர்ந்தோம். உணவுக்கு முந்தின நாளே சொல்லி வைத்திருந்தேன். குறுவை அறுவடை நேரத்தில் இரண்டு வண்டிகளையும் வரப்போரம் நிறுத்திவிட்டு பரிதி வந்திருந்தார். அன்று நடந்தவை பின்வருமாறு.

அ) வெளி உணவுக்கு அனுமதி இல்லை என்று சொல்லி வாசலிலேயே எங்கள் பர்பி டப்பாவை வாங்கி வைத்துக்கொண்டார்கள். விவரம் சொன்னேன். விதி என்றார்கள். அரசாங்க அலுவலகத்தில்கூட ஒருவர் இல்லாவிட்டால் இன்னொருவரைப் பார்க்கச் சொல்வார்கள். அங்கே அந்த வசதியும் இல்லை.

ஆ) நான் வாசலில் டப்பாவுக்காக வாதாடிக்கொண்டிருந்தபோது, உள்ளே மேசையில் அந்த வெள்ளைத் துண்டுகள் வந்துவிட்டன. பூவம்மாள் அம்மையார் அதைத்தான் நான் சொன்ன தேங்காய் பர்பி என்று எடுத்துக்கொண்டார். கிழக்கு முகமாகத் திரும்பி உட்கார்ந்து, கண்ணை மூடிக் குலதெய்வத்தை நினைத்துக்கொண்டு ஒரு துண்டை வாயில் வைத்தார். அது புளிக்க ஊறப்போட்ட முள்ளங்கி. நான் உள்ளே நுழைந்தபோது அவர் முகம் இருந்த விதத்தை இங்கே எழுத எனக்குத் தைரியம் இல்லை. “எடுத்த எடுப்புலயே புளிக்குதேங்க” என்று மட்டும் சொன்னார்.

இ) பிறகு வட்டமாக ஒரு கருவியைக் கொண்டுவந்து அந்த அம்மையார் முன்னால் வைத்தார்கள். உணவு தயாரானால் அது சிவந்து நடுங்குமாம்; நாமே போய் எடுத்துவர வேண்டுமாம். அது மூன்று முறை நடுங்கியது. முதல் முறை தண்ணீர் பாட்டில். இரண்டாம் முறை வேறு மேசைக்காரர்களின் உருளைக்கிழங்கு. மூன்றாம் முறை போய் நின்றபோது, அது சும்மா அடித்திருக்கும் என்றார்கள். மூன்று முறையும் ஓடியவன் நான். ஒவ்வொரு முறையும் அம்மையார் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

ஈ) இதற்கிடையில் ஆளுக்கு ஒரு ஜோடி பிளாஸ்டிக் கையுறை கொடுத்தார்கள். இது எதற்கு என்று மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் கேட்டார். மாட்டுக்குச் சினை பார்க்கும்போது தான் போட்டுக்கொள்வதும் இதேதான், என்ன, அது தோள்பட்டை வரை வரும் என்று என் மகள் விளக்கினாள். தொழில்முறையில் அது சரியான தகவல். ஆனால் அந்த நேரத்தில் சொல்லியிருக்க வேண்டாம். பரிதி மட்டும் சிரித்தார்.

உ) பன்னிரண்டு மணி ஆயிற்று. எமகண்டம் பிறந்தது. பன்னிரண்டே முக்காலுக்குக் கோழி வந்தது. நான் எழுந்து முறைப்படி பரிமாறினேன். மேலே எள்ளும் சிவப்புக் குழம்பும் பளபளத்தன. என் மகள் ஒரு துண்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்த பரிதியிடம் மெதுவாக, “எலும்போரம் வேகலை. சாப்பிடாதீங்க” என்றாள். அவர் அதைப் பிளந்து பார்த்தார். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தது. அவர் சத்தம் போடவில்லை. அத்தையின் தட்டைத் தன் பக்கம் இழுத்து, மேலே ஒரு காகிதத்தைப் போட்டு மூடினார். அதைப் பார்த்து என் மகள் சிரித்துவிட்டாள், அவரும் சிரித்தார். முன்பின் தெரியாத ஒருவர் எதிரில் என் மகள் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன். இதைப் புகாரில் சேர்க்கலாமா என்று தெரியவில்லை, சேர்த்துவிட்டேன்.

ஊ) ஆனால் பூவம்மாள் அம்மையார் மூடிய தட்டைப் பார்த்தார், சிரிப்பையும் பார்த்தார். “எழுந்திரிங்கப்பா, போவோம்” என்றார். மாப்பிள்ளை வீட்டார் ஐந்து பேரும் எழுந்துவிட்டார்கள். ஒருவரும் சாப்பிடவில்லை.

6. மேலாளர் திரு. சதீஷ் அவர்களிடம் கோழியைக் காட்டினேன். கொரியாவில் இப்படித்தான் சாப்பிடுவார்கள் என்றார். கொரியாவில் கோழிக்கு வைத்தியம் பார்ப்பவர்கள் இதை ஒப்புக்கொள்வார்களா என்று என் மகள் கேட்டாள். அவர் உடனே பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பணம் பற்றி எனக்குப் புகார் எதுவும் இல்லை. பர்பி டப்பாவையும் திருப்பிக் கொடுத்தார்கள். அதில் நான்கு துண்டுகள் குறைந்திருந்தன. நன்றாக இருந்ததாக வாசலில் நின்றவர் சொன்னார்.

7. அன்று மாலை வலங்கைமானிலிருந்து பூவம்மாள் அம்மையாரின் முடிவு வந்தது. சாப்பிட உட்கார்ந்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்தால் இரண்டு வீட்டுக்கும் ஆகாது. ஆகவே எழுந்த அதே இடத்தில், அதே மேசையில், புரட்டாசி பிறப்பதற்குள் மறுபடி உட்கார்ந்து, இனிப்பில் தொடங்கிச் சாப்பிட்டு முடிக்க வேண்டும். மேலும், புளிப்பை வைத்தது கடைக்காரன்தான், பெண் வீட்டார் வேண்டுமென்று வைக்கவில்லை என்பதற்கு அதிகாரி யாராவது எழுதித் தர வேண்டும். இவை எந்தச் சாஸ்திரத்தில் உள்ளன என்று எனக்குத் தெரியாது. கேட்கிற நிலையிலும் நான் இல்லை.

புரட்டாசி 17ஆம் தேதி பிறக்கிறது. பிறந்துவிட்டால் இரு வீட்டிலும் கோழி என்ற பேச்சே கிடையாது. இடையில் உள்ள ஒரே ஞாயிறு 15.09.2024.

8. இன்று காலை கடை திறந்ததும் அந்த நாளுக்கு அதே மேசையைக் கேட்டுத் திரு. சதீஷ் அவர்களைத் தொடர்புகொண்டேன். அவர் மறுத்துவிட்டார். காரணம், பார்வை 2-ல் கண்ட நட்சத்திரம். கடைக்கு இருந்த நல்ல பெயர் அதனால் இறங்கிவிட்டதாம். அதை எடுத்தால்தான் மேசையாம். என் மனைவியோ எடுக்க மறுக்கிறார். நட்சத்திரமே கொடுக்காமல் திட்ட முடியாதாம், அதனால்தான் அந்த ஒன்றையும் மனசில்லாமல் கொடுத்ததாகச் சொல்கிறார். அந்த நட்சத்திரத்துக்குக் கீழே கடையிலிருந்து, “உங்கள் மகிழ்ச்சியே எங்கள் மகிழ்ச்சி, மீண்டும் வருக” என்று பதில் போட்டிருக்கிறார்கள். வருகிறோம் என்றால் மேசை இல்லை என்கிறார்கள்.

9. ஐயா, நான்கு முறை வேண்டாம் என்றவர்களைப் பற்றி என் மகள் ஒரு வார்த்தை பேசியதில்லை. அடுத்த நாள் ஊசிப் பெட்டியை எடுத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பிப் போய்விடுவாள். நேற்று மாலை மட்டும் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். “இனிமே வேற யாரையும் கூப்பிடாதீங்கப்பா. அவங்க திரும்ப வந்தா மட்டும் சொல்லுங்க” என்றாள். எனக்குப் பயமாக இருக்கிறது. ஒரு கிண்ணம் முள்ளங்கியால் இது நின்றுபோனால் நான் யாரிடம் போய்ச் சொல்வேன்? சொன்னாலும் சிரிப்பார்கள். தாங்களும் சிரிக்கலாம், அதில் எனக்கு வருத்தமில்லை. சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டால் போதும்.

10. ஆகவே தாங்கள் தயைகூர்ந்து,

மேற்படி கடைக்கு நேரில் சென்று கோழி வேகும் விதத்தை ஆய்வு செய்ய வேண்டும்;

வெள்ளைத் துண்டுகளை வைத்தவர்கள் கடைக்காரர்களே என்று ஒரு வரி எழுதித் தர வேண்டும்;

15ஆம் தேதி காலை பதினோரு மணிக்கு அதே மேசையை எங்களுக்குத் தரவும், பதினொன்றே முக்காலுக்குள் வெந்த கோழியைக் கொண்டுவரவும், பர்பி டப்பாவை உள்ளே விடவும் அறிவுறுத்த வேண்டும்;

ஆய்வில் எவ்வளவு பெரிய குற்றம் தென்பட்டாலும், அன்றைய ஒரு வேளைச் சமையலைத் தங்கள் பார்வையில் ஒழுங்காகச் செய்ய வைத்து, கடைக்குச் சீல் வைப்பதை மட்டும் 16ஆம் தேதி திங்கட்கிழமைக்குத் தள்ளி வைக்க வேண்டும்

என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். ஆய்வையே அந்த ஞாயிறு காலை வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. தாங்கள் அடுப்பங்கரையில் நின்றால் கோழி வெந்துவிடும். வெந்தபின் எங்களோடு உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போனால், பெரியவர் ஒருவர் முன்னிலையில் முடிந்தது என்று அம்மையாரும் திருப்திப்படுவார்.

மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை என உறுதி கூறுகிறேன். மாப்பிள்ளை வீட்டாரில் ஒருவரைச் சாட்சியாகப் போட்டிருந்தால் மனுவுக்கு வலு கூடியிருக்கும். பேச்சு இருக்கும் நிலையில் அவர்களிடம் எந்த முகத்தோடு கேட்பது?

இடம்: பாபநாசம்
நாள்: 09.09.2024

தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்) கோ. செல்லதுரை

பின்குறிப்பு: இந்த மனுவைப் பிரதி எடுத்து வரும்படி இன்று நண்பகலில் என் மகளிடம் கொடுத்தேன். பாபநாசம் கடைத்தெருவுக்குப் போய்வர அவளுக்கு இரண்டரை மணி நேரம் ஆயிற்று. திரும்பி வந்தபோது தாளின் அடியில் இன்னொரு கையொப்பம் இருந்தது. எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. அதை அப்படியே சமர்ப்பிக்கிறேன்.

சாட்சி: எல்லாம் உண்மை. கோழியைப் பிளந்து பார்த்தது நான்தான். 15ஆம் தேதி என் இரண்டு வண்டிகளுக்கும் விடுமுறை சொல்லிவிட்டேன். நான் கையெழுத்துப் போட்டதை அத்தையிடம் சொல்ல வேண்டாம்.
(ஒப்பம்) பரிதி, வலங்கைமான்.