கேசரி என்கிற ஆறாவது பாட்டு

ஆகஸ்ட் 21, வியாழன்

காலையில் தூறல். குடை எடுக்கவில்லை. வேலப்பன்சாவடி ஸ்டாப்பில் பஸ்ஸைக் காணோம். ஷேர் ஆட்டோ, மூன்று பேர் சீட்டில் ஐந்து பேர். காதில் மறுபடி அதே ஆல்பம்.

பத்துப் பதினைந்து நாளாக இது ஒன்றுதான். பெயர் 'மூணு ஷிப்ட் சோறு'. பாடுகிறவன் வைத்துக்கொண்ட பெயர் ஊசிப்போனவன். (இனி ஊ.போ.) முகம் காட்டுவதில்லை. அட்டைப் படத்தில் நசுங்கிய டிபன் டப்பா ஒன்று, அவ்வளவுதான். அம்பத்தூர் லேபில் என்னோடு ரத்தம் எடுக்கிற ஸ்டெல்லா லிங்க் அனுப்பினாள். "எங்க ஏரியாக்காரன்டி. சோத்தப் பத்தியே பாடிகினு கீறான், கேளு." ஸ்டெல்லா வீடு நசரத்பேட்டை. அவளுக்குப் பூந்தமல்லியிலிருந்து ஆவடி வரை எல்லாமே எங்க ஏரியாதான்.

எனக்கு ராப் ஆகாது. கத்துவார்கள், கார், சங்கிலி, நான்தான் ராஜா. இவன் கத்தவில்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில், அதாவது எஸ்டேட்டில், ஷிப்ட் பார்க்கிறவன் ஒரு வருஷத்தில் என்னவெல்லாம் சாப்பிடுகிறான் என்பதுதான் மொத்த ஆல்பமும். ஒன்பது பாட்டு. டீ பன், டோக்கன், டப்பா, ஊறுகாய், பழையது, கேசரி, பொரி, ஆறிப்போன தோசை, மிச்சம். வரிசை மாற்றிக் கேட்டால் ருசிக்காது. வீட்டிலிருந்து லேபுக்குப் போய்ச் சேர்வதற்குள் ஒருமுறை ஓடி முடிகிறது.

'டோக்கன்' கேன்டீன் பற்றி.
ஒரே அண்டா, ஒரே கரண்டி, ஒரே கொழம்பு
பர்மனென்ட்டுக்கு முட்ட, எனக்கு முட்ட வெந்த தண்ணி.
இதை அழாமல், ஒப்பிப்பது போல் சொல்கிறான். அதனால்தான் குத்துகிறது.

கொத்து பரோட்டா சத்தத்தை பீட்டாகப் போடுவது எல்லாருக்கும் தெரிந்த வித்தை. இவன் போடவில்லை. 'டப்பா'வில் மூடி திறக்கிற சத்தம்தான் தாளம். இருபது முப்பது மூடி, ஒன்றன்பின் ஒன்றாக. டப்பாவில் வெறும் தயிர்சாதம் இருந்தால் வீட்டில் சண்டை என்று பக்கத்தில் இருப்பவன் கண்டுபிடிப்பானாம். உண்மைதான். எங்கள் லேபிலும் அப்படித்தான் கண்டுபிடிப்போம்.

சிரித்துச் சிரித்துக் கேட்பது ஆறாவது, 'கேசரி'. பொண்ணு பார்க்கப் போகிறவன் பாடுகிறான்.
தட்டுல கேசரி, தரையில கண்ணு
நாலு ஊட்ல துன்னேன், நாலும் நெய்யி
சொல்லி அனுப்புறோம்னு பெரியம்மா எழுந்துக்கும்
செருப்பு மாட்டும்போதே மறந்துடும்.

வீட்டுக்கு வந்தால் அதே சமாச்சாரம். ஆடி முடிந்ததோ இல்லையோ அம்மா ஆரம்பித்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஒரு வரன். அம்பத்தூரை அடுத்த பாடியிலிருந்து. பெயர் தினகரன், எஸ்டேட்டில் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் வேலை, என்னைவிட ஒரு வயது சின்னவன். "வயசு தெரிஞ்சிதான் வர்றாங்களா?" "புரோக்கரு சொல்லிட்டேன்றான்." சரி.

ஆகஸ்ட் 23, சனி

புழுக்கம். வீடு பெருக்கியாயிற்று. அப்பா தண்ணீர் கேன் கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு நாற்காலி இரவல் வாங்கப் போனார்.

வாங்க வேண்டியது: ரவை, முந்திரி, நெய், வாழைக்காய், வெற்றிலை. அம்மா கேசரிப் பவுடரே வேண்டாம் என்கிறாள். குங்குமப்பூ போடப்போகிறாளாம். இவர்களுக்கா குங்குமப்பூ என்றேன். "வாய வச்சிகினு சும்மா இரு."

கேசரி கிண்டுவது அம்மா. கொண்டுபோய் வைப்பது நான். "எல்லாம் சுதா செஞ்சதுதான்" என்பதும் அம்மாவே. எல்லா வீட்டிலும் இப்படித்தான். ஸ்டெல்லா வீட்டில் பேக்கரி கேக்கையே அவள் செய்ததாகச் சொல்லிச் சமாளித்தார்கள்.

எத்தனையாவது வரன் என்று எண்ணுவதை விட்டு நாளாயிற்று. எனக்கு முப்பத்தொன்று.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

எழுதியே ஆகவேண்டும்.

வந்தவர்கள் மூன்று பேர். அவர், அவர் அம்மா, பெரியம்மா. நான் அடுப்படியில் தட்டோடு நிற்கிறேன். கூடத்தில் அவர் குரல். "கொஞ்சம் தண்ணி கெடைக்குமா மா?" அவ்வளவுதான் சொன்னார். அந்தக் குரலைத் தினம் இரண்டு வேளை காதில் வைத்திருக்கிறேன், தெரியாதா? ஊ.போ.!

சிரிப்பு வந்துவிட்டது. அம்மா பின்னாலிருந்து இடுப்பில் கிள்ளினாள்.

ஆள் ஒல்லி. பிரஸ் ஷாப்காரர் கை, விரல் நுனியெல்லாம் கறுப்பு. கேசரியை ஒரு துளி மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். அம்மா, "எங்க சுதா செஞ்சதுதான்." அவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நானும் வெட்கமில்லாமல் பதிலுக்குத் தலையாட்டினேன்.

பேசச் சொல்லி மொட்டை மாடிக்கு அனுப்பினார்கள். நேராகக் கேட்டேன்.

"ஊசிப்போனவன் நீங்கதானே?"

முகம் வெளுத்துவிட்டது. "உங்களுக்கு எப்டி... ஐயோ, ஊட்ல தெரியாதுங்க. ஓவர்டைம்னு சொல்லிட்டுதான் ரெக்கார்டிங் போறேன். சொல்லிடாதீங்க."

"சொல்ல மாட்டேன்."

"எத்தினி பாட்டு கேட்டீங்க?"

"எல்லாம். வரிசையா."

அதற்கு அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. வரிசையாகக் கேட்கிற ஆளை இன்னும் நேரில் பார்த்ததில்லையாம். எது பிடித்தது என்றார். 'டப்பா' என்றேன். அந்த மூடிச் சத்தமெல்லாம் அவரே மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனில் பதிந்ததாம். கூட இருக்கிறவர்கள் இவர் ரீல்ஸ் எடுக்கிறார் என்று தலை வாரிக்கொண்டு வந்து நின்றார்களாம். இரண்டு பேரும் சிரித்தோம். நம்பர் கொடுத்தார். "ஆல்பத்தப் பத்தி எதனா சொல்லணும்னா."

கீழே வந்தோம். பெரியம்மா எழுந்து புடவையை உதறிக்கொண்டு, "அப்ப நாங்க கெளம்பறோம். சொல்லி அனுப்புறோம்" என்றார்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார்.

ஆகஸ்ட் 25, திங்கள்

வெயில். லேபில் கூட்டம். ஒரு தாத்தாவுக்கு நரம்பே கிடைக்கவில்லை, இரண்டு முறை குத்தினேன், பாவம்.

பஸ்ஸில் ஆறாவது பாட்டு. சிரிப்பு வரவில்லை. நாலு வீடு என்கிறான். அந்த நாலும் நூம்பலோ, திருவேற்காடோ, மாங்காடோ. உள்ளே தட்டோடு நின்றது என்னைப் போல் ஒருத்தி. நான் இத்தனை நாள் எதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேன்?

கோபம் வந்தது. ஆனால் பாட்டின் பின்பாதி நினைத்ததைவிட நல்லது. இத்தனை நாள் முன்பாதிச் சிரிப்பிலேயே இதைக் கோட்டை விட்டிருக்கிறேன். பீட் நின்றுபோகிறது. ஸ்பூன் தட்டில் உரசுகிற சத்தம் மட்டும்.
மொகம் மறந்துட்டேன், மன்னிச்சிடு
கை மறக்கல, நீ கிண்டுன கை
வேணாம்னு சொல்லக்கூட வாய் வரல
துன்ன வாய் இது, மன்னிச்சிடு.

ஆம்பளை ஒருத்தன் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை. வந்தவர்களில் ஒருவராவது வேண்டாம் என்றாவது சொல்லியிருக்கிறார்களா? கிடையாது. போன் வராது. ஒரு மாதம் போனால் நாமே புரிந்துகொள்ள வேண்டும்.

ஸ்டெல்லாவிடம் சொன்னேன். கையிலிருந்த ஊசியை வைத்துவிட்டுக் கத்தினாள். "அவனாடி! ஒத்துக்கோடி!" "ஆல்பத்தையா கட்டிக்கப் போறேன்?" "அத்தனையும் வரிசையா கேக்கறியே, அதுல பாதி கல்யாணம் ஆயிடுச்சுடி."

ஆகஸ்ட் 26, செவ்வாய்

மழை வருகிறேன் வருகிறேன் என்று போக்குக் காட்டிவிட்டுப் போய்விட்டது.

சாயங்காலம் அம்மா கொழுக்கட்டைக்கு மாவு இடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போன். மாவுக் கையாலேயே அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். நான் பார்ப்பது தெரிந்ததும், "கரண்டு பில்லு மெசேஜ் வரும்னாங்க" என்றாள்.

பிறகு தானாகவே, "நெய் தூக்கலா போயிடுச்சோ? அந்த பெரியம்மா பாதி வச்சிட்டாங்க."

"சக்கரை நோயா இருக்கும்மா."

"போன வாட்டி ரவை வேவல. அதுக்கு முந்தி வந்தவங்களுக்கு சக்கரை பத்தல. எனக்கு கை ராசி இல்லடி."

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருஷமாக ஒவ்வொரு வரன் தட்டிப்போனதற்கும் அம்மா கேசரியில் ஒரு குற்றம் கண்டுபிடித்து வைத்திருக்கிறாள். ஒவ்வொன்றாக ஞாபகம் வேறு வைத்திருக்கிறாள். நான் என் நிறம், என் வயது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா தன் கை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. வெங்காயம்கூட இல்லை சமாளிக்க. மாவு கண்ணில் பட்டுவிட்டது என்றேன்.

ஆகஸ்ட் 27, புதன். விநாயகர் சதுர்த்தி

லீவு. தெருவில் பிள்ளையார், ஸ்பீக்கர், காது போயிற்று. கொழுக்கட்டை நான்கு உடைந்தது, உடைந்தது எல்லாம் எனக்கு.

மத்தியானம் மாடிக்குப் போய் அவருக்குப் போன் செய்தேன்.

"ஆறாவது பாட்டுல ஒரு தப்பு இருக்கு," என்றேன்.

"எங்க? தாளத்துலயா?"

"கேசரி கிண்டுன கைன்னு பாடறீங்களே, அது எந்தப் பொண்ணோட கையும் இல்ல. எங்க ஊட்ல எங்கம்மா செஞ்சாங்க. எல்லா ஊட்லயும் அம்மாதான். பொண்ணு செஞ்சான்னு சும்மா சொல்றது."

ஸ்பீக்கர் பாட்டு மட்டும் இரண்டு பக்கமும் கேட்டது.

"மெய்யாலுமா? அந்த நாலு ஊட்லயும்?"

"நாலு ஊட்லயும்."

"அதாங்க அந்த ஆல்பத்துலயே நல்ல வரின்னு நெனச்சிகினு இருந்தேன்."

"வரி நல்லாத்தான் இருக்கு. மன்னிப்புதான் ஆள் மாறி போயிடுச்சு." பிறகு அம்மா கைராசி பற்றிச் சொன்னதைச் சொன்னேன். சொல்ல வேண்டும் என்று நினைத்துப் போன் செய்யவில்லை. வந்துவிட்டது.

அவர் கோபப்படவில்லை, சமாளிக்கவும் இல்லை. "நான் அடுப்பாண்டையே போனதில்லீங்க. ஒம்போது பாட்டுலயும் பாருங்க, சோறு வந்து எறங்கும், நான் துன்னுவேன். யாரு ஆக்குனாங்கன்னே எழுதல."

போனை வைத்தபின் யோசித்தேன். சரிதான். ஒன்பதிலும் ஆக்குகிறவர் ஒருவரும் இல்லை. அது தெரிந்தும் ஆல்பம் எனக்குக் குறைந்துபோகவில்லை. பசியோடு இருக்கிறவன் எடுத்த ஆல்பம். பசித்தவன் தட்டைத்தான் பார்ப்பான்.

எனக்கு இவர் வேண்டும் என்று தோன்றுகிறது. எழுதிவிட்டேன். அடித்துத் திருத்தப் போவதில்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

ஒன்றும் வரவில்லை. லேபில் பிரின்டர் ரிப்பேர். ஸ்டெல்லா என் டப்பாவைத் திறந்து பார்த்து, "தயிர்சாதம். இன்னாடி, ஊட்ல சண்டையா?" இல்லை என்றேன். அம்மாவுக்குச் சமைக்க மனசில்லை, அவ்வளவுதான். போனைப் பூஜை அலமாரியில் வைத்திருக்கிறாள்.

ஆகஸ்ட் 30, சனி

நல்ல மழை. தெருவில் கணுக்கால் தண்ணீர். அப்பா கடையில்.

ஐந்து மணி போல் அம்மா போன் அடித்தது. புது நம்பர். அம்மா எடுக்கப் பயந்து என்னிடம் நீட்டினாள். நம்பரைப் பார்த்தேன். தெரிந்த நம்பர். "உனக்குதாம்மா," என்று ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தேன்.

"அம்மா, நான் தினகரன் பேசறேன். போன ஞாயித்துக்கெழம வந்தோமே."

"சொல்லு நைனா." அம்மா எழுந்து நின்றுவிட்டாள்.

"எங்க ஊட்ல வேணாம்ன்றாங்கமா. பொண்ணுக்கு ஒரு வயசு மூப்புன்னு. எங்க பெரியம்மா போன் பண்ண மாட்டாங்க. அதான் நானே பண்ணேன்."

மழைச் சத்தம்.

"நான் சண்ட போட்டேன்னு பொய் சொல்ல மாட்டேன்மா. ஒரு வாட்டிதான் பேசுனேன். எங்கம்மா அழுதாங்க, நான் உட்டுட்டேன்."

"சரிப்பா," என்றாள் அம்மா. "அம்மாவ அழ வைக்கக் கூடாது."

"இன்னொண்ணுமா. கேசரி நீங்க செஞ்சதுன்னு தெரியும். அதுல ஒரு கொறையும் இல்லமா. நெய், சக்கரை, எல்லாம் கரெக்டா இருந்துது. நான் நாலஞ்சு ஊட்ல துன்னுக்கீறேன், இது மாதிரி துன்னதில்ல. வேணாம்னு சொன்னது கேசரிக்காக இல்லமா."

அம்மா சிரித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு, சின்னப் பெண் போல். என்னை வேண்டாம் என்று சொல்லவந்த போனில் அம்மா சிரிக்கிறாள். ஒரு நொடி அவளை அடித்துவிடலாம் போல இருந்தது. "குங்குமப்பூ போட்டேன்ப்பா," என்கிறாள் அவனிடம். "தெரிஞ்சிதும்மா," என்கிறான் அவன். "நல்லா இருப்பா," என்று சொல்லிப் போனை வைத்தாள்.

நான் அடுப்படிக்குப் போய் அழுதேன். சத்தமாகத்தான். மழையில் யாருக்குக் கேட்கும். அவன் கோழை என்று நினைத்தேன். நாலு வீட்டுக்குப் பாட்டில் சொன்னதை ஐந்தாவது வீட்டுக்கு வாயைத் திறந்து சொன்னான் என்றும் நினைத்தேன். இரண்டும் ஒரே ஆள்தான். இப்போதைக்கு இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. திங்கட்கிழமை பஸ்ஸில் ஆல்பத்தைக் கேட்க முடியுமா, தெரியாது. நல்ல ஆல்பம். இன்றைக்கும் அது நல்ல ஆல்பம்தான்.

அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். தலையைத் தடவவில்லை, ஆறுதல் சொல்லவில்லை. சொன்னால் நான் இன்னும் அழுவேன் என்று தெரியும். கொஞ்ச நேரம் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சுதா."

"ம்."

"இனிமே எவன் வந்தாலும் நான்தான் செஞ்சேன்னு சொல்லப்போறேன்."