பதினோரு நிமிஷம்

ஜூன் 3

என் அக்கா மகள் வாயாடிக்கு,

இதெல்லாம் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன்! உனக்கு ஆறு வயது. பஸ் நிலையத்தில் என் டைம்கீப்பர் கூண்டுக்குள் உட்கார்ந்து பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே, "ஒளியைவிட வேகமா எதுவும் போகாதாம் மாமா" என்றாய். "போடி, ஓவர்டேக் பண்ண ஒருத்தன் எங்கேயாவது புறப்பட்டிருப்பான்" என்றேன். இன்று பேப்பரில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறான்: உங்கள் ஆய்வுக்கூடத்துத் துகள் ஒளியை முந்திவிட்டதாம். போட்டோவில் மூன்றாவது வழுக்கைக்குப் பின்னால் தெரிகிற அரைக் காது உன்னுடையதுதானே? தெரு முழுக்கக் காட்டிவிட்டேன். முடிதிருத்துபவர் நம்பவில்லை. பாதி முடியோடு எழுந்து வந்துவிட்டேன்.

முப்பத்தொரு வருஷம் பஸ்களுக்கே நேரம் சொன்ன
உன் மாமா

ஜூன் 14

அன்புள்ள மாமா,

முதலில் மீதி முடியை வெட்டிக்கொள்ளுங்கள். அப்புறம், தயவுசெய்து இனி யாரிடமும் பேப்பரைக் காட்டாதீர்கள்.

எழுநூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து துகளை அனுப்புகிறார்கள். அது வந்து சேரும் நேரத்தைக் குறிப்பது எங்கள் பக்கம். ஒரு நொடியைப் பத்துக் கோடியாக நறுக்கினால் ஏழு துண்டு, அவ்வளவுதான் முந்தியது. எங்கள் கடிகாரத்துக்கு வரும் கம்பியை நேற்றுத் தற்செயலாகத் தொட்டேன். மரை சரியாக முடுக்கவில்லை, ஒன்றரைச் சுற்று பாக்கி. அதனால் கடிகாரம் பின்தங்கியிருக்கும், துகள் முந்தி வந்ததாகத் தெரிந்திருக்கும். போன வருஷம் அதைப் பொருத்தியது நான்தான்.

நூற்றைம்பது பேர் பூரித்துப்போயிருக்கிறார்கள். வேறு யாருக்கும் தெரியாது. சத்தமில்லாமல் முடுக்கிவிடலாம். சொன்னால் என் வேலை போகலாம். என்ன செய்யட்டும்?

வாயடைத்துப்போன
வாயாடி

ஜூன் 22

அடி அசடே,

இதற்கா கலங்குவாய்? என் கதையைக் கேள். மற்றதெல்லாம் தாமதமாகவே வரும் நிலையத்தில் ஒரு பஸ் மட்டும் மூன்று நாள் தொடர்ந்து பதினோரு நிமிஷம் முன்னாலேயே வந்தது. "அதிவேகம்" என்று எழுதி அனுப்பிவிட்டேன். மேனேஜர் ஓட்டுநரை வண்டியிலிருந்து இறக்கிவிட்டார். மலை மாதிரி ஆள், மீசைக்காரர் என்றுதான் கூப்பிடுவோம். கூண்டு வாசலில் வந்து நின்றார். "ஏன் சார், நான் என்ன பறந்தா வந்தேன்?"

சுரீர் என்றது. வெளியே போய் நாலு பேர் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். என் கூண்டுக் கடிகாரம் பதினோரு நிமிஷம் மெதுவு! அடுத்த நொடியே மேனேஜர் அறைக்குள் புகுந்து மேஜையில் ஓங்கித் தட்டினேன். "தப்பு வண்டியில் இல்லை, என் கடிகாரத்தில்!" அன்று சாயங்காலமே மீசைக்காரர் ஸ்டியரிங் பிடித்தார். நிலையமே கைதட்டியது. ஒரு பஸ் தானாகவே ஹாரன் அடித்தது.

அந்த மாமாவின் ரத்தமடி நீ. போய்ச் சொல்லு.

மேஜையை உடைத்த
மாமா

ஜூலை 9

அன்புள்ள மாமா,

சொல்லிவிட்டேன். எல்லோரும் இருந்த கூட்டத்தில், எழுந்து நின்று. தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "யார் முடுக்கியது?" என்றார். "நான்" என்றேன். மறுபடி அளந்தார்கள். துகள் ஒளியை முந்தவில்லை, சமமாகத்தான் வந்தது.

வேலை போகவில்லை. கடிகாரத்தின் பக்கம் மட்டும் ஒரு வருஷம் போகக்கூடாதாம். சில பேர் இன்னும் என்னோடு பேசுவதில்லை, பரவாயில்லை.

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று தோன்றியபோதெல்லாம், மீசைக்காரர் அன்று சாயங்காலமே வண்டி எடுத்ததைத்தான் நினைத்துக்கொண்டேன். அந்தக் கதையைக் கூட்டத்திலும் சொன்னேன். திருத்த அறிக்கையின் கடைசியில் உங்களுக்கு நன்றி சொல்லி அதைச் சேர்க்கப்போகிறார் தலைவர். சரியாக எந்த வருஷம் நடந்தது? மீசைக்காரர் இப்போது எங்கே இருக்கிறார்?

உங்கள்
வாயாடி

ஜூலை 18

அன்புள்ள மகளே,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். யாருக்கும் காட்டவில்லை.

அறிக்கையில் என்னைச் சேர்க்க வேண்டாம் என்று உன் தலைவரிடம் சொல்லிவிடு. மீசைக்காரர் நமக்கு இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார். ஓய்வு பெறும்வரை டிப்போவில் பஸ் கழுவினார். பார்த்தால் இன்னும் வணக்கம் வைப்பார். நாளைக் காலை உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போகிறேன். என்ன பேசுவது என்று இன்னும் தெரியவில்லை.

மூன்று நாள் பஸ் நிஜம். பதினோரு நிமிஷம் நிஜம். அவர் வாசலில் நின்று கேட்டதும் நிஜம். கடிகாரம் மெதுவு என்று அப்போதே கண்டுபிடித்தேன், அதுவும் நிஜம். ஸ்டூலில் ஏறினேன், முள்ளைத் தள்ளி வைத்தேன், இறங்கினேன். மேனேஜர் அறைக்குப் போகவே இல்லை.

மாமா