முனியாண்டிக்கு இடமாற்றம்

தெஹியோவிட்ட,
14.06.1996

சுதர்சினியின் அப்பாவுக்கு பரிமளம் எழுதுவது. நானும் பிள்ளையும் உயிரோடு இருக்கிறோம். கொழும்பில் கடை முதலாளி தயவில் நீங்களும் நனையாமல் இருப்பீர்கள்.

வீட்டை விட்டு அசையாதே, அண்ணன் சொன்னபடி இரு என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் அண்ணன் செல்லத்துரையின் மூளையைப் பற்றி எழுதுகிறேன், உட்கார்ந்து படியுங்கள்.

திருவிழாப் பந்தலுக்கென்று ஆற்றங்கரையைப் பிடித்து நின்ற மூங்கிலையெல்லாம் வெட்டச் சொன்னவர் அவர்தான். கரைக்குக் காவலாக முனியாண்டி சாமி போதும் என்று கல்லை நட்டு, ஆறு இதைத் தாண்டாது என்று சத்தியம் பண்ணினார். ஆறு கேட்குமா? நடுவில் மணல் திட்டு போட்டு இரண்டாகப் பிரிந்தது. ஒரு கிளை நேராக நம் பக்கம் திரும்பியது. மேலே புல் பச்சையாக நிற்கும், அடியில் மண்ணைக் குடைந்துகொண்டே போகும், பிறகு மொத்தமாகச் சரியும். நம் வாழையெல்லாம் அப்படித்தான் போயிற்று. அக்கரையில் புது நிலம் சேர்ந்திருக்கிறது, ஹலீம் நானா அதில் கீரை போட்டிருக்கிறார்.

ஒவ்வொரு மழைக்கும் முன்னால் தப்படித்து, கல்லைப் பிடுங்கி ஆற்றைவிட்டு உள்ளே தள்ளி நடுகிறார்கள். பிறகு, ஆறு சாமியைத் தொடவில்லை பார் என்று மார்தட்டுகிறார்கள். காவலுக்கு வைத்தவரைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற வீரர்கள்! இடமாற்றம் கொடுக்கத் தோட்டத்துத் துரைமாரிடம் கற்றார்களோ என்னவோ. போன வருஷம் நீங்களும் தோள் கொடுத்தீர்கள், மறந்துவிடாதீர்கள்.

செவ்வாய்க்கிழமை ரப்பர் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து பார்த்தால், வீட்டுக்கும் ஆற்றுக்கும் நடுவில் நின்ற கல்லைக் காணோம். நம் வீட்டைத் தாண்டி மேலே, உங்கள் அண்ணன் வாசலுக்கு முன்னால் நட்டிருக்கிறார்கள். நம் வீட்டை ஆற்றுக்கு விட்டுக்கொடுத்தாயிற்று என்று அர்த்தம். கேட்டதற்கு, “பயப்படாத பரிமளம், சாமி ஒனக்குப் பின்னாலதான நிக்குது” என்றார். இருந்த வெட்கத்தையும் மூங்கிலோடு வெட்டிவிட்டார்போல.

அன்றைக்கே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேட்டில் இருக்கிற பழைய தோட்ட லயத்து அறைக்கு ஏறிவிட்டேன். உங்கள் பேச்சை மீறினேன், இனியும் மீறுவேன். மறுநாள் அடுப்போடு குசினி ஆற்றில் போனது. நேற்று மீதியும் போனது. உங்கள் அண்ணன் கல்லுக்குத் தேங்காய் உடைத்தார். சாமி எல்லையைக் காப்பாற்றிவிட்டதாம்.

அந்த வீட்டைக் கட்ட நீங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். அதற்காக வந்து கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், கரை இன்னும் சரிகிறது.

சாமி துணை என்று முடிக்க இந்த முறை கை வரவில்லை. அவசரத்தில் சட்டி பானையை விட்டுவிட்டு உங்கள் நீலச் சட்டையை எடுத்து வந்திருக்கிறேன். இந்த மழையில் காயமாட்டேன் என்கிறது. இங்கே அடுப்புக்கு மேலே கொடியில் போட்டிருக்கிறேன். பஸ்ஸை விட்டு இறங்கினால் நேராக லயத்துக்கு வாருங்கள்.

பரிமளம்