தொண்டை வலி என்று போனவருக்கு

என் நீச்சல் மாஸ்டருக்கு,

கொஞ்ச நாளாகக் கூடத்தில் தனியே படுக்கிறீர்கள். என்னைப் பிடிக்காமல் போய்விட்டது என்றே நினைத்தேன். நீங்கள் காலை அகட்டி நடப்பதைப் பார்த்த அத்தை, "முட்டி தேஞ்சிருச்சுடா, தைலம் தேச்சு விடவா?" என்றதும் நீங்கள் எடுத்த ஓட்டத்தில்தான் வலி முட்டியில் இல்லை என்று புரிந்தது. குளியலறையிலிருந்து கிருமிநாசினி வாசனையும் உங்கள் 'ஸ்ஸ்' சத்தமும் சேர்ந்து வந்தபோது மீதியும் புரிந்தது.

இன்று டாக்டரம்மாவிடம் போனேன்.

"தொண்டை வலின்னுதாம்மா வந்தாரு. ஆனா உக்காரத்தான் முடியல அவருக்கு" என்றார்.

பார்த்துத்தான் உறுதி சொல்வாராம். நான் சொன்னதை வைத்து, ஆணுறுப்பின் முனையில் அழற்சி போலத் தெரிகிறதாம். நாளெல்லாம் ஈர ஜட்டியோடு குளக்கரையில் நின்றால் சிவந்து அரிக்குமாம், சிறுநீர் போகும்போது எரியுமாம். கிருமிநாசினி போட்டுத் தேய்ப்பது எரிகிற கொள்ளியில் எண்ணெய். வெறும் தண்ணீரில் மெதுவாகக் கழுவி, ஈரம் போக ஒற்றியெடுக்க வேண்டும். சர்க்கரையும் பார்க்கச் சொன்னார்.

நாளை மாலை இருவருமாகப் போகிறோம். எனக்கும் அரிக்கிறது, சொல்ல எனக்கும் வெட்கம்தான். அங்கே நான் பேசுகிறேன், நீங்கள் தலையாட்டினால் போதும்.

இன்றைக்கு உள்ளே வந்து படுங்கள். நடுவில் தலையணை வைத்துவிடுகிறேன்.

கட்டிலின் மறுபாதி