தனியாகத் தூக்க முடிந்த வண்டி

என் செல்ல மகளுக்கு, அம்மா எழுதிக்கொண்டது. இங்கே நானும் அப்பாவும் நல்லபடியாக இருக்கிறோம், என் இடுப்பு மட்டும் நல்லபடியாக இல்லை, அது ஏன் என்று கீழே சொல்கிறேன். அங்கே நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமா. உன் கணுக்கால் வீக்கம் நிஜமாகவே வடிந்துவிட்டதா, இல்லை என்னிடம் வடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டு இன்னும் நொண்டிக்கொண்டுதான் திரிகிறாயா. எனக்குத் தையல் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது, பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது, ஊரில் உள்ள பிள்ளைகள் எல்லாம் ஒரே சமயத்தில் வளர்ந்து தொலைத்திருக்கிறார்கள், சீருடைத் துணி கட்டில் வரைக்கும் குவிந்திருக்கிறது. அதை அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன் என்றால் விஷயம் இருக்கிறது. போனில் பேசினால் நீ ஸ்பீக்கரில் போடுவாய், பக்கத்தில் அவர் இருப்பார், எனக்குச் சொல்ல வந்தது தொண்டையோடு நின்றுவிடும்.

மூன்று பைக் படம் அனுப்பி, எதும்மா நல்லா இருக்குன்னு பாத்துச் சொல்லு என்று கேட்டிருந்தாய். இந்தக் காட்டுப் பாதையில் பைக் ஓட்டும் விளையாட்டே எனக்குப் பிடிக்கவில்லை, அது உனக்கும் தெரியும். நல்ல ரோடு போட்டு வைத்திருக்கிறார்கள், அதை விட்டுவிட்டுச் சேற்றிலும் கல்லிலும் போய் விழுந்து புரண்டு வருவதற்குப் பெயர் சந்தோஷமாம். விட்டுவிடு என்றால் கேட்கப் போகிறாயா, நீ என் வயிற்றில் பிறந்தவள்தானே. அதனால் அதைப் பற்றிப் பேச்சில்லை. ஆனால் போன மாதம் நீ விழுந்த கதையைச் சிரித்துச் சிரித்துச் சொன்னாயே, அதை என்னால் விழுங்க முடியவில்லை. ஓடை இறக்கத்தில் வண்டி சாய்ந்து, கால் அடியில் மாட்டி, வண்டியைத் தூக்கவும் முடியாமல் காலை உருவவும் முடியாமல் ஹெல்மெட்டோடு வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தாயாம். விறகு பொறுக்க வந்த யாரோ புண்ணியவான்கள் வந்து தூக்கிவிட்டார்களாம். அதற்குள் முன்னால் போன மாப்பிள்ளை அடுத்த ஊர் டீக்கடையில் ஒரு டீயைக் குடித்து முடித்து, இரண்டாவது டீயும் சொல்லியிருந்தாராம். அவரும் பக்கத்தில் இருந்துகொண்டு, இவ வர்றதுக்குள்ள அந்த டீயும் ஆறிப்போச்சு அத்தை என்று சிரித்தார். இதில் சிரிக்க என்ன இருக்கிறது. அந்த வண்டியை உனக்குப் பார்த்து வாங்கியதே அவர்தான். இவ்வளவு கனமா இருக்கே, இவ தூக்குவாளா என்று நான் அன்றைக்கே கேட்டேன், தூக்கத்தான் நான் இருக்கேனே அத்தை என்றார். இப்போது அதைவிடப் பெரிதாக ஒன்றை உன் பிறந்தநாளுக்குப் பார்த்து வைத்திருக்கிறாராம், முதல் படத்தில் இருப்பது அதுதானே.

சரி, கேட்டுவிட்டாயே என்று அளவெடுக்கும் இஞ்ச் டேப்பை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு, அப்பாவையும் இழுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் அந்தப் பெரிய ஷோரூமுக்குப் போனேன். உயரத்திலும் எடையிலும் நீ என் அச்சு, எனக்கு ஒத்துவந்தால் உனக்கும் ஒத்துவரும், இதுதான் என் கணக்கு. அங்கே ஒரு சேல்ஸ்மேன், வாசனைத் திரவியத்தைத் தலையோடு ஊற்றிக்கொண்டு வந்திருந்தான், என் பக்கம் திரும்பவே இல்லை, பேச்செல்லாம் அப்பாவிடம்தான். மேடமுக்கு ஸ்கூட்டர் அந்தப் பக்கம் இருக்கு சார் என்றான். நான் டேப்பை எடுத்துத் தரையிலிருந்து சீட் வரைக்கும் அளந்தேன். நீ பாவாடை சட்டை போட்ட காலத்திலிருந்து உன் அளவு எனக்கு மனப்பாடம், உள்கால் உயரம் இருபத்தெட்டரை அங்குலம். அந்தப் பெரிய வண்டியின் சீட் முப்பத்தைந்து. அப்புறம், இதைக் கொஞ்சம் தரையில் படுக்க வை தம்பி, நான் தூக்கிப் பார்க்கணும் என்றேன். அவன் பெற்ற பிள்ளையைக் கிணற்றில் போடச் சொன்னதுபோல முழித்தான். கீறல் விழுந்துரும் மேடம் என்றான். காட்டில் கல்லில் மோதி ஓட்டுவதற்கென்று விற்கிற வண்டி, கீறலுக்குப் பயப்படுகிறது. அதோடு விட்டானா, லேடீஸ் எதுக்கு மேடம் தூக்கணும், கூட ஆள் இருப்பாங்கல்ல என்று ஒரு இளிப்பு. அதே பாட்டு. எங்கே போனாலும் இந்தக் கூட ஆள் இருக்கிறார், விழுந்து கிடக்கும்போது மட்டும் காணோம். அந்தக் கடைத் தண்ணீரைக்கூட நான் குடிக்கவில்லை, வெளியே வந்துவிட்டேன்.

அப்புறம் கேட்டு விசாரித்து ரயில்வே கேட்டுக்கு அப்பால் ஒரு பட்டறைக்குப் போனோம். அந்த மெக்கானிக்கை எல்லோரும் சேறு என்றுதான் கூப்பிடுகிறார்கள், பார்த்ததும் ஏன் என்று புரிந்துவிட்டது, காதுக்குள்கூடக் காய்ந்த மண். வாரக் கடைசியில் அவரும் இதே பைத்தியம்தானாம். இடமா அது, எண்ணெய்ப் பிசுக்கும் குப்பையும், உட்கார ஸ்டூல் தந்தார், நான் நின்றுகொண்டே இருந்தேன். ஆனால் உன் மூன்று படத்தில் இருக்கும் வண்டிகளும் ரிப்பேருக்கு வந்தவையாக அங்கே இருந்தன. விஷயத்தைச் சொன்னதும் மனுஷர் உடனே பெரியதைப் பிடித்து மண் தரையில் சாய்த்தார், தூக்குங்கக்கா, கியர்ல போட்டிருக்கேன், உருளாது என்றார். அப்பா ஓடி வந்தார். தொட்டீங்கன்னா தெரியும் என்றேன், கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். அந்த வண்டி அசையக்கூட இல்லை, என் இடுப்புதான் அசைந்தது. இரண்டாவது இளைத்த வண்டி, எழுந்துவிட்டது, ஆனால் சீட் முப்பத்தேழரை, அதன் மேல் நீ கொடியில் காயப் போட்ட துணி மாதிரி தொங்க வேண்டியதுதான், நிறுத்தும் இடத்திலெல்லாம் விழுவாய். மூன்றாவது, அந்தப் பழைய மாடல் மாதிரி இருக்கும் பச்சை வண்டி, பார்க்கச் சகிக்காது. அதன் சீட் முப்பத்திரண்டுக்குக் கொஞ்சம் குறைவு. உட்கார்ந்தால் ஸ்பிரிங் இரண்டு அங்குலம் அமுங்கும், பூட்ஸ் அடியும் சேர்த்தால் கால் விரல் நல்லாவே ஊணும் என்றார் சேறு. அதைச் சாய்த்துப் போட்டார். முதல் தடவை பாதியில் விட்டுவிட்டேன். அப்புறம் ஹேண்டில்பாரைத் திருப்பிப் பிடித்து, சீட்டில் இடுப்பைக் கொடுத்து முழங்காலால் எழுந்தேன், வண்டியும் என்னோடு எழுந்தது. உடுப்பெல்லாம் கிரீஸ், இன்னும் போகவில்லை, சனியன்.

அப்போதுதான் அவர் கேட்டார், பொண்ணு தனியாவாக்கா ஓட்டுது, எதுக்குத் தனியா தூக்கணும்னு பாக்கறீங்க என்று. மாப்பிள்ளை பத்து வருஷமாக ஓட்டுகிறவர் என்பதையும் சேர்த்து, ஓடையில் நடந்ததைச் சொன்னேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். பாதை எங்கெல்லாம் இரண்டாகப் பிரிகிறதோ அங்கெல்லாம் முன்னால் போகிறவன் நிற்க வேண்டுமாம், பின்னால் வருகிறவரைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வண்டியை எடுக்க வேண்டுமாம், வரவில்லை என்றால் திரும்பிப் போக வேண்டுமாம். இது சின்னப் பசங்களுக்குக்கூட முதல்ல சொல்லிக் குடுக்கறதுக்கா, தெரியாம யாரும் பத்து வருஷம் ஓட்ட முடியாது என்றார். உன் அப்பாவுக்கு மாப்பிள்ளை என்றால் உயிர், அது உனக்கே தெரியும், நான் ஏதாவது சொன்னால் என்னைத்தான் அடக்குவார். அன்றைக்கு அவர் என்னை அடக்கவில்லை. சாயங்காலம் வழக்கம்போல மாப்பிள்ளை கூப்பிட்டார். அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார், அன்னைக்கு அவ வரலைன்னு தெரிஞ்சதும் நீங்க திரும்பிப் போகலையா மாப்பிள்ளை என்று. அவர், அவ எப்பவும் மெதுவாதானே வருவா மாமா, வந்துருவான்னு விட்டுட்டேன் என்றார். அப்பா போனை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மாமா ஏன் நான் கூப்பிட்டா எடுக்கறதே இல்லை என்று அவர் உன்னிடம் கேட்டதாகச் சொன்னாயே, காரணம் இதுதான். அவரிடம் நீ சொன்னாலும் சரி, இந்தக் கடிதத்தையே கொடுத்தாலும் சரி.

அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. குடி கிடையாது, கை நீட்ட மாட்டார், உன்னைச் செல்லமாகத்தான் வைத்திருக்கிறார். ஆனாலும் நீ வண்டிக்கு அடியில் கிடக்கும்போது அவருக்கு டீ இறங்கியிருக்கிறது, அதை நினைத்தால் எனக்கு இப்போதும் அருவருப்பாக இருக்கிறது, மறைத்து எழுத எனக்குத் தெரியாது. பச்சை வண்டியை வாங்கு. உன் பெயரில் வாங்கு. கடையிலேயே தரையில் படுக்க வைத்து, அவரை வெளியில் நிற்கச் சொல்லிவிட்டு நீயே தூக்கிப் பார், முடியாவிட்டால் யார் என்ன சொன்னாலும் வீட்டுக்குக் கொண்டுவராதே. பூட்ஸைக் கணுக்காலுக்கு மேல் வரும்படி வாங்கு. வேளைக்குச் சாப்பிடு, ரொம்ப இளைத்துவிட்டாய், படத்தில் கழுத்து எலும்பு தெரிகிறது.

அப்பாவும் நானும் உனக்கு நீண்ட ஆயுளையும் நல்ல உடம்பையும் மனதார வேண்டிக்கொள்கிறோம், இருவரும் சிரித்துக்கொண்டு இருங்கள். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, இது அப்பா எழுதச் சொன்னது. பாதை பிரியும் இடத்தில் அவர் நிற்கவில்லை என்றால், வேகமாகப் போய் அவரைப் பிடிக்கப் பார்க்காதே. வண்டியை நிறுத்திவிட்டு அங்கேயே உட்கார். அவர் தேடி வரட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா