பெட்டிக்குள்ளே என் கைரேகை

அன்புள்ள பெரியவளுக்கு, அம்மா ஆசையோட எழுதறது. இங்க நானும் அப்பாவும் சௌக்கியம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு சௌக்கியமா இருக்கணும். அப்பாவுக்கு மூட்டு வலி தேவலாம், மாடியில துணி காயப் போடச் சொன்னா மட்டும் திரும்ப வந்துடும். நான் ரொம்ப நாளைக்கப்புறம் நிம்மதியா உட்கார்ந்து எழுதறேன்.

எங்க லேப்ல காத்தையெல்லாம் உறிஞ்சி எடுத்த இரும்புப் பெட்டிக்குள்ள ஒரு கண்ணாடி மணியை மிதக்க விடறாங்கன்னு சொல்லியிருக்கேனே, தூசியை விடச் சின்னது. அணு மாதிரி பொடிசுங்க ஒரே நேரத்துல ரெண்டு பாதையிலயும் போகுமாம். அதைவிட எவ்வளவோ பெரிசான இந்த மணியும் அப்படிப் போகுதான்னு பார்க்கறதுதான் சோதனை, போனா திரையில கோடு கோடா விழும். எட்டு மாசமா ஒரு கோடு கூட இல்ல. சோதனையை நடத்தற மேடம் எல்லாத்தையும் சரிபார்த்துட்டு, இந்த அளவுக்கு மேல அந்த ரெண்டு பாதை விதி செல்லாதுன்னு முடிவே பண்ணி, உலகத்துக்குச் சொல்லக் கட்டுரையும் எழுதிட்டாங்க. கடைசியில நன்றி சொல்ற இடத்துல, பெட்டியைப் பூட்டின ஃபிட்டர்னு என்னையும் போட்டிருந்தாங்க.

அதைப் பார்த்ததும் பேப்பரைக் கவுத்து வச்சுட்டேன். பூட்டற அன்னைக்கு உள்ள ஒரு ஸ்க்ரூ நழுவிடுச்சு, கிளவுஸைக் கழட்டிட்டு வெறும் விரலால எடுத்தேன். அரைகுறையாத் துடைச்சேன், வெட்கப்பட்டு யார்கிட்டயும் சொல்லல. கைப்பிசுக்கு உள்ள இருந்தா மெல்ல ஆவியாக் கிளம்பி மணி மேல மோதும், கோடு கலைஞ்சிடும். உள்ள மிச்சக் காத்தை அளக்கற கருவி தள்ளி இருக்கறதால அதுக்கும் தெரியாது. சொன்னா வேலை போயிடும், சொல்லாட்டி என் பிசுக்கை இயற்கையோட விதின்னு ஊரெல்லாம் படிக்கும். ஒரு விரல் பட்டதுக்கா உலகம் முழுகிடும்னாரு உங்க அப்பா. எனக்கு மனசு கேக்கல, போய்ச் சொல்லிட்டேன். மேடம் பெட்டியைத் திறங்கன்னாங்க. கழுவி, திரும்பப் பூட்டி, மிச்சம் ஒட்டியிருக்கறதெல்லாம் ஆவியாப் போகப் பத்து நாள் சூடு பண்ணி வச்சோம். இந்தத் தடவை கிளவுஸ் மேல கிளவுஸ் போட்டுக்கிட்டேன், சிரிக்காதே.

நேத்து காலையில கோடு விழுந்துச்சுடி! மங்கல்தான், ஆனா எண்ணலாம், ஏழு. நீங்க சொல்லலைன்னா தப்பை என் கையெழுத்தோட அனுப்பியிருப்பேன்னு மேடம் என் கையைப் புடிச்சுக்கிட்டாங்க, நான் ஓன்னு அழுதுட்டேன். வேலை போகல, கட்டுரைதான் குப்பைக்குப் போச்சு.

இன்னொன்னு. கொஞ்ச நாளா போன்ல நீ நல்லாருக்கேன் நல்லாருக்கேன்னு சொல்ற குரல் இருக்கே, நானும் இத்தனை நாள் அதே குரல்லதான் உன்கிட்டப் பேசினேன், எனக்குத் தெரியாதா. என்னன்னு சொல்லிடும்மா. திட்டுவேன், கட்டாயம் திட்டுவேன், அப்புறம் ரெண்டு பேருமா சரி பண்ணிக்கலாம். மகராசியா இரு, தைரியமா இரு. இதைப் படிச்ச அன்னைக்கே போன் பண்ணு. சாயங்காலம் நாலு மணிக்கு அப்பா வெளிய போயிடுவாரு, நான் மட்டும்தான் இருப்பேன்.

உன் போனுக்குக் காத்திருக்கும்,
அம்மா