புதுக் கட்டை ஒரு விரல் குட்டை

வயோமிங்,
செப்டம்பர், ஞாயிறு மாலை

அன்புள்ள கோல்டர் அண்ணாவுக்கு,

உன் தங்கை ரீவா எழுதுகிறேன். எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அது முக்கால்வாசி உண்மை. அலாஸ்காவில் உன் படகுக்கு இப்போது போன் கிடைப்பதில்லை என்று அம்மா சொன்னாள். கிடைத்தாலும் இதை நான் போனில் சொல்லியிருக்க மாட்டேன். நம் சமையலறையில் பேசுவது மாட்டுக்கொட்டில் வரை கேட்கும்.

நீ அனுப்பிய சால்மன் டப்பாக்கள் வந்து சேர்ந்தன. அம்மா வடை மாதிரி தட்டிப் பொரித்தாள். அப்பா மூன்று தின்றுவிட்டு, "மீனு நல்லாத்தான் இருக்கு. கொம்புதான் இல்ல" என்றார். புல் அறுப்பு முடிந்துவிட்டது. மலைக்கு அப்பால் எரியும் காட்டுத்தீயின் புகையால் சூரியன் செம்புத் தட்டு போல எழுகிறது. நீர்ப்பாசன அலுவலகத்தில் என் வேலை பழகிவிட்டது. அங்கே எல்லோரும் என்னை 'காலேஜ்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். நான் சிரித்துக்கொண்டு கோப்புக்குள் தலையைப் புதைத்துக்கொள்வேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் துப்பாக்கியைப் பற்றியது. நீ பிறந்த வருடம் அப்பா கடையில் வாங்கியது, மூத்த பிள்ளைக்கு என்று எல்லோரும் சொல்லிவைத்தது.

போன வருடம் பள்ளத்தாக்குக்கு எதிர்ப்புறப் புல்வெளியில் அப்பா சுட்ட எல்க் மான் அடிபட்டு ஓடியது உனக்குத் தெரியும். இருட்டும் வரை ரத்தத் தடம் பார்த்து நடந்தோம், கிடைக்கவில்லை. அதன் பிறகு அவர் சரியாகச் சாப்பிடவே இல்லை. இடுப்பு வலியோடு இனி கிட்டே ஏறிப் போக முடியாது, தூரத்திலிருந்துதான் சுட வேண்டும். "இது கம்பெனியிலேர்ந்து வந்த மாதிரியே கெடக்கு. இதை வச்சு நானூறு கஜம் சுட்டா குண்டு எப்படிக் குறியில நிக்கும்?" என்று துப்பாக்கிமேல் பழியைப் போட்டார். வசந்தத்திலிருந்து அதைத் திருத்திக்கொண்டே இருக்கிறார்.

முதலில் விசையை மாற்றினார். பழைய விசையை இழுப்பது துருப்பிடித்த கதவைத் திறப்பது மாதிரி இருக்கும். புதியது விரல் பட்டாலே போதும். பிறகு துப்பாக்கிமேல் இருக்கும் தொலைநோக்கி மாறியது. குழல் அதைத் தாங்கும் மரக்கட்டையில் எங்கேயும் படக்கூடாது என்று மரத்தை உள்ளே இழைத்து, ஒரு டாலர் நோட்டைக் குழலுக்கு அடியில் நுழைத்து இழுத்துப் பார்த்தார். நோட்டு கடைசி வரை தடையில்லாமல் ஓடியது.

ஜூலையில் ஓரின் மாமாவின் மேய்ச்சல் நிலத்தில் சுட்டுப் பார்க்கப் போனோம். நம் வீட்டு விதியை மறந்திருக்க மாட்டாய்: எந்தத் தூரத்தில் மூன்று குண்டும் காபி டப்பா மூடிக்குள் விழுகிறதோ, அந்தத் தூரம்தான் நமக்கு அனுமதி. அப்பாவின் மூன்றும் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பரவின. ஓரின் மாமா சும்மா இருப்பாரா? "ஏய் வெர்ன், மான் மேல சுடுறியா, மேயுற புல்லு மேல சுடுறியா?" என்றார். "நீ குடுத்த தோட்டாதான்டா கோளாறு" என்று அப்பா அவரைத் திட்டினார். பிறகு என்னைச் சுடச் சொன்னார். நான் சுட்டேன். மூன்றும் மூடிக்குள் விழுந்தன. காற்று நின்றிருந்தது என்று சொல்லி எழுந்துவிட்டேன். அப்பா வலது கையைக் கால்சட்டைப் பையில் வைத்திருந்தார். இப்போதெல்லாம் அது பையில்தான் இருக்கிறது.

அடுத்து, துப்பாக்கியின் இரும்புப் பகுதி கட்டையில் அசையாமல் உட்கார வேண்டும் என்று உள்ளே பிசின் ஊற்றினார். ஊற்றும் முன் இரும்பு முழுக்க மெழுகு பூச வேண்டும், பூசாவிட்டால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். ஊரில் பாதிப் பேருக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். அவரே மறந்துவிட்டார். மறுநாள் துப்பாக்கி ஒரே துண்டாக நின்றது. குளிரில் இரும்பு சுருங்கினால் விட்டுவிடும் என்று அதை இறைச்சி வைக்கும் பெரிய உறைபெட்டியில் படுக்க வைத்தார். அம்மா பட்டாணி எடுக்கப் போய்த் திறந்தாள். "வெர்லின்! இதை வறுக்கணுமா, வேகவைக்கணுமா?" என்று அவள் அப்பாவின் முழுப் பெயரைச் சொல்லிக் கத்தியதில் நாய் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. "பொறுமையா வேகவைடி, கொஞ்சம் முத்தல்" என்றார் அப்பா. அன்று மூவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். அம்மாதான் முதலில் சிரிப்பதை நிறுத்தினாள்.

ரப்பர் சுத்தியலால் தட்டியதும் இரும்பு வந்தது, ஆனால் கட்டை பிளந்துவிட்டது. புதுக் கட்டை தபாலில் வந்தது. இந்தத் தடவை மெழுகு பூசும் வேலையை என்னிடம் கொடுத்தார். பிசினை அவர் ஊற்றினார், சுத்தமாகப் பிரிந்து வந்தது. தோளில் வைத்துப் பார்த்தபோதுதான் கவனித்தேன், பழையதைவிடக் கட்டை ஒரு விரல் குட்டை. அப்பாவின் நீளக் கைக்கு அது பொருந்தவே பொருந்தாது. மறதியில் தப்பான அளவு கேட்டுவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்துவிட்டேன். அவர் மனம் நோகாதபடி, "கடைக்காரன் மாத்தி அனுப்பிட்டான்பா. நானே எழுதி வேற வரவழைக்கிறேன்" என்றேன்.

அவர் வாசற்படியில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றோடு போராடிக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அவன் சரியாத்தான் அனுப்பியிருக்கான். உன் சட்டைக் கை நீளத்தை அளந்து நான்தான் எழுதினேன். இவ்ளோ படிச்சும் இது புரியலையா, கழுதை" என்றார்.

குனிந்து அவர் கயிற்றைக் கட்டிவிட்டேன். அவர் விட்டுக்கொடுத்தார்.

நேற்று மறுபடியும் ஓரின் மாமா நிலத்துக்குப் போனோம். அப்பா துப்பாக்கியைத் தொடவே இல்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து, முக்காலியில் நிற்கும் பெரிய தொலைநோக்கியில் பார்த்துக் காற்று மட்டும் சொன்னார். நானூறில் மூன்றும் மூடிக்குள் விழுந்தன. "காலேஜ் பரவால்லயே" என்றார் ஓரின் மாமா. அப்பா, "துப்பாக்கி நல்லா இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

அண்ணா, இது உனக்கு என்று இருந்த பொருள். நான் கேட்டு வாங்கவில்லை. உனக்கு வருத்தம் இருந்தால் மறைக்காமல் எழுது. பழைய கட்டையை ஒட்டிவைத்திருக்கிறேன், உன் தோளுக்கு மாற்றிவிடலாம். ஆனால் அப்பாவின் கை நடுங்குவதைப் பற்றி நீதான் அவரிடம் பேச வேண்டும். டாக்டர் என்று அம்மா ஆரம்பித்தாலே வேலி கட்டக் கிளம்பிவிடுகிறார். நானோ பூட்ஸ் கயிறு கட்டிவிடுவதோடு நின்றுவிடுகிறேன். நீ திட்டினால்தான் கேட்பார்.

அக்டோபர் முதல் வாரத்தில் வேட்டை சீசன் தொடங்குகிறது. படகில் எப்படியாவது சொல்லிவிட்டு வந்துவிடு. எதிர்ப்புறப் புல்வெளிக்கு மூவரும் போவோம். சுடும் நேரத்தில் என் கண் தொலைநோக்கியில் இருக்கும், அண்ணா. அப்போது அப்பாவின் முகத்தை நான் பார்க்க முடியாது. நீ பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்.

கடல் உன்னைப் பத்திரமாக அனுப்பிவைக்கட்டும்.

உன் அன்புத் தங்கை,
ரீவா